தொட்டதெல்லாம் பொன்னான பிறகு: கரோல் ஆன் டஃபியின் மனைவிமார் கவிதைகள்

முல்லைக்கொடி எழுதியது:

செப்டம்பர் மாதக் கடைசி. ஒரு பெண் சமையலறையில் நிற்கிறாள். அடுப்பில் காய்கறி வேகிறது. ஆவி படிந்து சன்னல் கண்ணாடி வெளுத்திருக்கிறது. விரலால் துடைத்துவிட்டு வெளியே பார்க்கிறாள். தோட்டத்துப் பேரி மரத்தடியில் அவள் கணவன் ஒரு சுள்ளியை ஒடிக்கிறான். சுள்ளி அவன் கையில் பொன்னாக இருக்கிறது. அடுத்து ஒரு பழத்தைப் பறிக்கிறான். அது உள்ளங்கையில் மின்விளக்குபோல் ஒளிர்கிறது. மரத்துக்குச் சீரியல் விளக்கு கட்டுகிறானோ என்று அவள் நினைக்கிறாள்.

பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபியின் ‘மிசஸ் மைடாஸ்’ கவிதை இப்படித் தொடங்குகிறது. 1999இல் வெளிவந்த ‘தி வேர்ல்ட்ஸ் வைஃப்’ தொகுப்பில் இருக்கிறது. மொத்தம் முப்பது கவிதைகள். பெரும்பாலானவற்றில் பேசுகிறவர்கள் புராணத்திலும் வரலாற்றிலும் பேர்பெற்ற ஆண்களின் மனைவிமார். டார்வினின் மனைவி, ஃபாஸ்டின் மனைவி, ஈசாப்பின் மனைவி, சிசிஃபஸின் மனைவி, பிசாசின் மனைவிகூட. ‘உலகமும் அதன் மனைவியும் வந்திருந்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. நாம் ‘ஊரே திரண்டு வந்தது’ என்போமே, அதுதான். அந்த வழக்கில் பேச்சுக்குத் துணையாக வந்து நிற்கிற மனைவியைத் தனியே பிரித்தெடுத்துப் பேசவைத்திருக்கிறார்.

மைடாஸ் கதை நமக்குத் தெரியும். தொட்டதெல்லாம் பொன்னாகும் வரம். நம் வீடுகளில் அதை வாழ்த்தாகவே சொல்கிறோம். கவிதையில் அவன் மக்காச்சோளம் தின்ன உட்கார்ந்து, பொன்முத்துகளைப் பல்பல்லாகத் துப்புகிறான். கோப்பை கைபட்டவுடன் பொன் கிண்ணமாகிறது. அவள் அலறுகிறாள். அலறி முடித்த பிறகு வீட்டுக்காரியின் மூளை வேலை செய்யத் தொடங்குகிறது. அவனை அறையின் மறுகோடியில் உட்காரவைத்து, எதையும் தொடாதே என்கிறாள். பூனையை நிலவறையில் போட்டுப் பூட்டுகிறாள். தொலைபேசியை நகர்த்தி வைக்கிறாள். கழிப்பறை பொன்னானால் ஆகட்டும் என்று விட்டுவிடுகிறாள். அவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்க்கிறான், அதுவும் பொன்னாகிறது. இனிமேலாவது புகைப்பதை நிரந்தரமாக விட்டுவிடலாம் என்கிறாள்.

அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் அழுதேன். இரவில் அவள் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் தனியாகப் படுக்கிறாள். அவன் பிள்ளையைப் பெறுவதாகக் கனவு காண்கிறாள், பிள்ளை பொன்னாக இருக்கிறது. பிறகு அவனைக் காட்டோரத்தில் ஒரு கேரவனில் கொண்டுபோய் விடுகிறாள். வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகிறாள். தன்னைச் சுட்டது அவனுடைய முட்டாள்தனமோ பேராசையோ இல்லை, வரம் கேட்ட நொடியில் என்னை அவன் நினைக்கவில்லையே, அதுதான் என்கிறாள்.

நான் இதை மொழிபெயர்ப்பது என் அக்காவுக்காக. அவளுடைய நாற்பது பவுன் நகையை அத்தான் அவளுக்குத் தெரியாமல் அடகுவைத்து, விரைவில் இரட்டிப்பாகும் என்று யாரோ சொன்ன ஒன்றில் போட்டு இழந்தார். வேறு பெண் இல்லை, குடி இல்லை, அடி இல்லை. அதனால் உறவில் யாருக்கும் இது துரோகமாகவே தெரியவில்லை. “ஆம்பிளை நாலு பக்கம் முயற்சி செய்வான்தான்” என்கிறார்கள். ‘என்னை நினைக்கவில்லையே’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை ஒன்றரை வருடமாக அக்கா தேடிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

மொழிபெயர்ப்பில் முதல் பத்தியிலேயே சிக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ஒரே ‘ஹீ’. தமிழில் இந்த மனைவி கணவனை ‘அவர்’ என்பாளா, ‘அவன்’ என்பாளா? மேலே நான் சுருக்கம் எழுதும்போது ‘அவன்’ என்று எழுதிவிட்டேன், ஆனால் அது நான். அவள் அல்ல. அக்கா இன்றைக்கும் ‘அவர்’ என்றுதான் சொல்கிறாள். நகைப் பெட்டியைத் திறந்து பார்த்த அன்றும் ‘அவர்’ என்றே சொன்னாள்.

யாராவது இந்தக் கவிஞரைப் படித்திருந்தால் எழுதுங்கள்.


கிளைடு நதிக்கரை எழுதியது:

முல்லைக்கொடி தங்கச்சி, உங்கள் பதிவைப் பார்த்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் இருப்பது கிளாஸ்கோவில். டஃபி 1955 டிசம்பரில் பிறந்தது இந்த நகரத்தின் கோர்பல்ஸ் பகுதியில்தான். சிறுவயதிலேயே குடும்பம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுக்குப் போய்விட்டது. 2009இல் பிரிட்டனின் அரசவைக் கவிஞர் ஆனார். முந்நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் இவர். பத்தாண்டு இருந்தார்.

எனக்கு இவரை அறிமுகப்படுத்தியது என் மகனுடைய பாடம். ‘மிசஸ் மைடாஸ்’, ‘ஹாவிஷம்’, ‘வாலன்டைன்’ மூன்றும் ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் பாடமாக இருந்தவை. மகனுக்கு ‘வாலன்டைன்’ பிடிபடவில்லை. காதலர் தினத்துக்கு ரோஜாப்பூ தராமல் வெங்காயம் தருகிறாரே அம்மா, ஏன் என்று கேட்டான். நான் அப்போது உண்மையிலேயே வெங்காயம்தான் அரிந்துகொண்டிருந்தேன். கவிதையை எனக்கு வாசித்துக் காட்டு என்றேன். பழுப்புத் தாளில் சுற்றிய நிலவு என்று வெங்காயத்தைச் சொல்கிறார். காதலன்போலக் கண்ணை மறைக்கும், அழவைக்கும் என்கிறார். அதன் வாசம் விரலில் ஒட்டிக்கொள்ளும், கத்தியிலும் ஒட்டிக்கொள்ளும் என்று முடிக்கிறார். கவிதையின் கடைசிச் சொல்லே கத்திதான். மகனிடம் என் விரலை மோந்து பார்க்கச் சொன்னேன். இருபது ஆண்டு சமைத்த கை. அவனுக்குப் புரிந்துவிட்டது.

‘ஹாவிஷம்’ கவிதையைத் தவறவிடாதீர்கள். டிக்கென்ஸ் நாவலில் வருகிற அந்தப் பெண், மணநாளன்று கைவிடப்பட்டவள், கடிகாரங்களை நிறுத்திவைத்துவிட்டுக் கல்யாண உடையைக் கழற்றாமலே கிழவியானவள். நாவலில் அவள் ‘மிஸ்’ ஹாவிஷம். டஃபி அந்த ‘மிஸ்’ஸை எடுத்துவிட்டார். குமரியும் இல்லை, மனைவியும் இல்லை, வெறும் குடும்பப் பெயர். முதல் மூன்று சொற்களிலேயே அன்பே, கண்ணே என்று கூப்பிட்டுக் கடைசியில் ஒரு கெட்ட வசையை வைக்கிறார். ஒரே மூச்சில் மூன்றும். அவன் செத்துப்போகவேண்டும் என்று நினைக்காத நாளே இல்லை என்கிறாள். கழுத்தை நெரிக்கலாம் போலத் தன் புறங்கை நரம்புகள் கயிறாகிவிட்டன என்கிறாள். 1993இல் வந்த ‘மீன் டைம்’ தொகுப்பில் இருக்கிறது.

‘அவர்’ பற்றிக் கேட்டீர்கள். நான் ‘அவர்’ என்றே போடுவேன். எங்கள் ஊரில் எந்தக் கோபத்திலும் கணவரை ‘அவன்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘அவர் சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தார்’ என்று எழுதினால் அந்த மரியாதைக்கு உள்ளேயே சிரிப்பு கூடும்.


கரிசல் வாசகன் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொகுப்பை இரண்டு நாளில் முழுதாகப் படித்தேன். திறமையில் சந்தேகமில்லை. டார்வினின் மனைவி மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சியைப் பார்த்துவிட்டுக் கணவரிடம் இதைப் பார்த்தால் உங்கள் ஞாபகம் வருகிறது என்கிறாள், நாலே வரி. ‘ஆரிஜின் ஆஃப் ஸ்பீசிஸ்’ வெளிவந்த 1859க்கு ஏழு ஆண்டு முந்தைய தேதியை நாட்குறிப்புபோலத் தலையில் போட்டிருக்கிறார். ஒரு தேதியை வைத்தே கதை முழுதும் சொல்லிவிடுகிறார். நானும் சிரித்தேன்.

ஆனால் முப்பது கவிதையைச் சேர்த்துப் படிக்கும்போது ஆண் என்பவன் முட்டாள், அல்லது மிருகம், அல்லது தன்னையே பேசி அறுப்பவன். ஏழு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி என்னை விட்டுப் போனாள். போன விதத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. ஊரில் சிரித்தார்கள். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். கைவிடப்பட்டவரின் சிரிப்பு பற்றிய புத்தகம் என்றால், கைவிடப்பட்ட எனக்கு அதில் எங்கே இடம்?


ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

கரிசல் வாசகன் தம்பிக்கு,

உங்கள் கேள்வி நியாயமானது. ‘மிசஸ் லாசரஸ்’ கவிதையை இன்னொரு முறை படியுங்கள். பைபிளில் இறந்து நாலு நாள் கழித்து உயிர்பெற்று எழுந்தவன் லாசரஸ். இங்கே அவன் மனைவி பேசுகிறாள். கல்லறைக் கல்லைக் கை புண்ணாகும்வரை பிறாண்டி அழுதிருக்கிறாள். பிறகு துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. ஒரு புத்தகத்திலிருந்து அவனுடைய கடைசித் தலைமயிர் மிதந்து வெளியே போகிறது. வீட்டில் அவன் வாசம் இல்லாமல் போகிறது. மோதிரத்தின் வட்டத்துக்குள் இருக்கிற சுழியமாக அவன் ஆகிவிடுகிறான். ஊர்ப் பள்ளி ஆசிரியருடன் அவளுக்கு ஒரு வாழ்க்கை தொடங்குகிறது. அப்போது ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

நீங்கள் இதை அவள் பக்கமிருந்து படித்திருப்பீர்கள். அவன் பக்கமிருந்து படியுங்கள். அழுகிய சவத்துணியோடு எழுந்து நிற்கிறான். மனைவி வேறொருவர் பக்கத்தில் நிற்கிறாள். உரிமையும் போய், தன் காலமும் போய் நிற்கிறவன் என்று கவிதை முடிகிறது. யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் குற்றவாளியும் இல்லை. இருவருக்கும் நேர்ந்திருக்கிறது. அந்தக் கடைசி வரியில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முப்பதாண்டு மருதத் திணையைப் பிள்ளைகளுக்கு நடத்தினேன். ‘ஊடலும் ஊடல் நிமித்தமும்’ என்று கரும்பலகையில் எழுதி, உரிப்பொருள் கருப்பொருள் அட்டவணை போட்டு, மதிப்பெண் வாங்க வைத்தேன். அந்தப் பாட்டுகளில் எவ்வளவு நெருப்பும் சிரிப்பும் இருக்கிறது என்று வகுப்பில் ஒருநாளும் நான் சொன்னதில்லை. முல்லைக்கொடியின் பதிவைப் படித்த இரவு குறுந்தொகையை எடுத்தேன். எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இற் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பேசுகிறவள் பரத்தை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் பெரிய பேச்சுப் பேசுவான். அவன் வீட்டிலோ, நீ கையைத் தூக்கினால் தூக்கி, காலைத் தூக்கினால் தூக்குகிற கண்ணாடிப் பிம்பம்போல, தன் மகனைப் பெற்றவள் சொன்னதையெல்லாம் செய்வான். இதில் ‘மனைவி’ என்ற சொல்லே இல்லை என்பதைப் பாருங்கள். ‘தன் புதல்வன் தாய்’. ஒரே தொடரில் அவளுக்கும் அடி, அவனுக்கும் அடி. முதல் இரண்டு வரியும் சும்மா வர்ணனை இல்லை. மரத்திலிருந்து தானாகக் கனிந்து விழும் மாம்பழத்தை, உழைக்காமல் வாயைத் திறந்து கவ்வுகிற வாளை மீன். அவன் ஊர் அப்படிப்பட்டது என்கிறாள்.

கலித்தொகையின் மருதக் கலியில் இன்னும் வெளிப்படையான சண்டைகள் உண்டு. இரவு எங்கே இருந்தாய் என்று கேட்டால் ஒருவன் காடைச் சண்டை பார்த்தேன் என்கிறான், ஒருவன் குதிரை ஏறினேன் என்கிறான், ஒருவன் யானை பார்த்தேன் என்கிறான். அவன் சொன்ன பொய்யையே பிடித்துக்கொண்டு, அந்தக் காடையும் குதிரையும் யார் என்று அவள் இரட்டுற மொழிந்து உரிக்கிறாள்.


நள்ளிரவு ரயில் எழுதியது:

அம்மா, வணக்கம். மொழிபெயர்ப்பு முதுகலை படிக்கிறேன். உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் குறுந்தொகையை விடுதி நூலகத்தில் தேடி எடுத்தேன்.

ஒரு வேறுபாட்டைச் சொல்லத் தோன்றுகிறது. மருதப் பாட்டுகளில் பல, பெண் குரலில் ஆண் புலவர்கள் எழுதியவை. பெண் எவ்வளவு கோபித்தாலும் கடைசியில் அவன் வாயில் வழியாகத் திரும்பி வருவான் என்பது மரபிலேயே இருக்கிறது. டஃபியிடம் அந்தக் கதவு திறந்திருப்பதில்லை. ‘யூரிடிசி’ கவிதையைப் பாருங்கள். செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளம்வரை வருகிற ஓர்ஃபியஸை உலகமே காதலின் உச்சம் என்கிறது. இவளோ, செத்தபிறகுதான் இந்த மனிதருடைய கவிதைத் தொல்லையிலிருந்து விடுபட்டேன், இங்கேயும் வந்துவிட்டாரே என்கிறாள். தெய்வங்கள் பதிப்பாளர்களைப் போல, பெரும்பாலும் ஆண்கள் என்கிறாள். மேலே கூட்டிப்போகும்போது அவர் அவளைத் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் இழந்துவிடுவார் என்பது நிபந்தனை. திரும்பவைக்க அவள் என்னென்னவோ செய்து பார்க்கிறாள். கடைசியில், உங்கள் கவிதை மகத்தான படைப்பு, இன்னொரு முறை கேட்க ஆசையாக இருக்கிறது என்கிறாள். அடக்கமாகப் புன்னகைத்தபடி அவர் திரும்புகிறார். எந்த ஆண்டு, எந்த நாடு என்று இல்லாமல் எல்லா இலக்கியக் கூட்டங்களிலும் நான் பார்த்த புன்னகை அது.

‘அவர்’, ‘அவன்’ பற்றி: பாதியில் மாற்றலாம் என்பது என் யோசனை. அவள் அலறுகிற இடம்வரை ‘அவர்’. அலறி முடித்துப் பேசத் தொடங்கும்போது ‘அவன்’. ஆங்கில மூலத்தில் இல்லாத ஒரு கருவி தமிழிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது.


ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

நள்ளிரவு ரயிலுக்கு: பலர் ஆண் புலவர்கள், உண்மை. ஆனால் ஔவையை மறந்துவிட்டாயே அப்பா. குறுந்தொகை 80 அவர் பாடியது. பேசுகிறவள் பரத்தை. கூந்தலில் ஆம்பல் சூடிக்கொண்டு, புதுவெள்ளம் வந்த துறைக்கு நாங்கள் நீராடப் போகிறோம். அவளுக்குப் பயமாக இருந்தால், போர்முனையில் எழினி என்ற தலைவன் பசுக்கூட்டத்தைக் காத்ததுபோல, ‘கிளையொடு காக்கதன் கொழுநன் மார்பே’. சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து புருஷனின் மார்பைக் காவல் காத்துக்கொள்ளட்டும் என்கிறாள். ஒரு மார்புக்குப் பசுக்கூட்டத்தின் காவல்! ஓடிப்போகிற மாட்டோடு அவனைச் சேர்த்துக் கட்டிவிட்டாள். இதை எழுதியவள் ஒரு பெண் என்பதை வகுப்பில் நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

விகுதியைப் பற்றி. ஊரன், மகிழ்நன், கொழுநன் எல்லாம் ‘அன்’ விகுதிதான், அன்றைக்கு அதில் அவமரியாதை இல்லை. இன்றைக்கு ‘அவன்’ என்பதில் இரண்டு முகம் இருக்கிறது. வெறுப்பிலும் ‘அவன்’ வரும், மிக நெருங்கிய அன்பிலும் ‘அவன்’ வரும். பாதியில் மாற்றினால் படிக்கிறவர் வெறுப்பை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். அந்தக் கவிதையின் கடைசி வரி என்ன ஆகும் என்று யோசியுங்கள்.


கிளைடு நதிக்கரை எழுதியது:

டீச்சர் சொல்வது சரி. கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. வேறு ஊருக்குப் போனபிறகும் விடியலிலும் பிற்பகலிலும் வெயில் ஒரு மாதிரி விழும்போது அவர் நினைவு வருகிறது. ஒரு தடவை தட்டில் இருந்த ஆப்பிள்களைப் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறாள். இப்போதும் அதிகம் ஏங்குவது அந்தக் கைகளுக்கு, தோலில் பட்ட அந்தக் கதகதப்புக்கு, அந்தத் தொடுகைக்கு என்று முடிகிறது. எந்தக் கை எல்லாவற்றையும் கெடுத்ததோ அதே கை. என் மகனுடைய பாடக் குறிப்பில் இந்த இடத்தில் ‘முரண்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல் போதாது என்று அவனிடம் சொன்னேன்.

இன்னொரு தகவல். சிரிப்பில்லாமல் இவர் எழுதிய காதலைப் படிக்க விரும்புகிறவர்கள் 2005இல் வந்த ‘ராப்சர்’ தொகுப்பை எடுங்கள். ஒரு காதல் தொடங்கி முடிகிற வரையான ஐம்பத்திரண்டு கவிதைகள். டி. எஸ். எலியட் பரிசு கிடைத்தது. அதைப் படித்துவிட்டு மனைவிமார் கவிதைகளுக்குத் திரும்பினால், சிரிக்கிற ஒவ்வொரு வரிக்கும் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியும்.


கரிசல் வாசகன் எழுதியது:

டீச்சர் அம்மா, ‘மிசஸ் லாசரஸ்’ கவிதையை நீங்கள் சொன்னபடி படித்தேன். நன்றி. வேறு எதுவும் எழுத வரவில்லை.

மைடாஸ் பற்றி ஒன்று. மனைவி போன பிறகு அவள் முகம் எனக்குச் சீக்கிரம் மங்கிவிட்டது. காலையில் வாசல் தெளிக்கிற சத்தம் மட்டும் போகவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது தெளித்தால் இன்றைக்கும் கை நின்றுவிடும். அப்போது மனத்தில் ‘அவள்’ என்றுகூட ஓடுவதில்லை. சத்தம்தான். அதனால் முல்லைக்கொடிக்குச் சொல்கிறேன், கடைசி வரியில் ‘அவர்’, ‘அவன்’ இரண்டுமே வேண்டாம். ஆங்கிலத்தில் ‘ஹிஸ்’ போட்டே ஆகவேண்டும், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லையே. ‘கைகள். கதகதப்பான கைகள்.’ அவ்வளவு போதும்.


நள்ளிரவு ரயில் எழுதியது:

அண்ணா, நான் சொன்னதை விலக்கிக்கொள்கிறேன். இதுதான் சரி. மூலத்தில் அந்தக் கடைசிப் பகுதியில் ‘ஹிஸ்’ திரும்பத் திரும்ப வருகிறது. தமிழில் அந்த இடம் காலியாக இருந்தால், வாசிக்கிறவர் தம் வாழ்க்கையில் எந்த மரியாதையோடு சொல்வாரோ அதை அவரே நிரப்பிக்கொள்வார். அப்படியானால் முன்பகுதி முழுதும் ‘அவர்’ இருக்கட்டும், அக்கா. கடைசியில் அது உதிர்ந்து விழட்டும்.


முல்லைக்கொடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன்.

பூனையைப் பூட்டுகிற இடத்தில் சிரித்தாள். கழிப்பறையில் இன்னும் பலமாகச் சிரித்தாள். சிகரெட்டில் சிரிப்பை அடக்க முடியாமல் போனைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. ‘என்னை நினைக்கவில்லையே’ என்ற வரி வந்தபோது அமைதியாக இருந்தாள். அடுத்ததைப் படி என்றாள். கடைசி வரியைக் கரிசல் வாசகன் சொன்னபடியே படித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, யாருடைய கை என்று நீ சொல்லவே இல்லையே என்று கேட்டாள். வேண்டுமென்றுதான் விட்டேன் என்றேன். “நீ விட்டாய். நான் ‘அவரோட’ என்று சேர்த்துக்கொண்டேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாள், இன்னும் இருந்தால் படி என்று. ‘மிசஸ் இகாரஸ்’ எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். ஐந்தே வரி. மெழுகுச் சிறகோடு சூரியனை நோக்கிப் பறந்து விழுந்தவனின் மனைவி ஒரு சிறு குன்றின்மேல் நின்று, தான் கட்டிக்கொண்டவன் கடைந்தெடுத்த மடையன் என்று உலகத்துக்கு நிரூபிப்பதைப் பார்க்கிறாள். மூலத்தில் குன்றுக்கும் மடையனுக்கும் ‘ஹில்லாக்’, ‘பில்லாக்’ என்று எதுகை விழுகிறது. அந்த எதுகை இல்லாவிட்டால் கவிதையே இல்லை. எனக்குப் பிடிபடவில்லை.


நள்ளிரவு ரயில் எழுதியது:

மேடு, மாடு?


ஓய்வுபெற்ற தமிழாசிரியை எழுதியது:

இரண்டாம் எழுத்து ஒன்றி, முதலெழுத்து அளவொத்து நிற்கிறது. முறையான எதுகை. மேட்டில் நிற்கிறவள் சொல்லலாம். போடு அம்மா.